எஸ்பெராந்தோ பேச ஒருத்தர் வந்தார்

நான் எதைப் பேசினாலும் காது கொடுத்துக் கேட்ட என் பாவாவுக்கு,

உங்களைத் தேடிக்கினு அந்தக் கப்பல்காரர் வந்துட்டுப் போனார். வருஷக்கணக்கா அவருக்குத்தானே கடுதாசி எழுதிக்கினு இருந்தீங்க, அதே மானுவேல். நீங்க போய் ரெண்டு மாசம் கழிச்சு வந்தார். இதை வேற யார்கிட்ட சொல்லி அழறது?

ஊர் நீங்க விட்டுட்டுப் போன மாதிரியேதான் இருக்கு. திருத்தணி தமிழனுக்கா தெலுங்கனுக்கான்னு சண்டை இன்னும் ஓயலை. ஸ்டேஷன் பலகையில ஒருத்தர் எழுத்துமேல இன்னொருத்தர் தார் பூசறாங்க. பார்சல் ஆபீஸ்ல உட்கார்ந்துகினு நீங்க வாங்கின வசவு கொஞ்சமா? "நீ எந்தப் பக்கம்யா, ஒண்ணு சொல்லு"ன்னு இவங்களும் கேட்டாங்க, அவங்களும் கேட்டாங்க. வீட்ல தெலுங்கு, வாசலைத் தாண்டினா தமிழ்னு வளர்ந்தவங்க நாம. நமக்கு எது பாவா பக்கம்?

அந்த நேரத்துலதான், வெயிட்டிங் ரூம்ல யாரோ விட்டுட்டுப் போன ஒரு மெல்லிசான இங்கிலீஷ் புத்தகம் உங்க கைக்கு வந்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாம, எல்லாரும் பேசட்டும்னு ஒரு மனுஷன் உட்கார்ந்து உண்டாக்கின பாஷைன்னு சொன்னீங்க. பேர் எஸ்பெராந்தோ.

"அப்படின்னா என்னா?"

"நம்பிக்கையோட இருக்கிறவன். இதைத் தெலுங்குல எப்படிச் சொல்வே?"

"ஆசபடேவாடு."

"ஆங், அதையே அப்படியே தமிழ்ல சொல்லு."

"ஆசைப்படறவன்…" சொன்னதும் எனக்கே சிரிப்பு தாங்கலை. "ஐயய்யோ பாவா, இதை வெளியில சொல்லிடாதீங்க. நாலு பேரு வேற மாதிரி நினைப்பாங்க."

'நம்பினவன்'னு வெச்சுக்கலாமான்னு கேட்டேன். அது ஏமாந்தவன் மாதிரி இருக்குன்னு முகத்தைச் சுளிச்சீங்க. அப்புறம் ஒருநாள் மானுவேல் அந்தப் பாஷையில எழுதின கடுதாசியைப் படிச்சுட்டு ஓடி வந்தீங்க. அவரோட தாய்பாஷையில நம்பறதுக்கும் காத்திருக்கிறதுக்கும் ஒரே சொல்தானாம். அந்த ஊர்ல இந்தப் பேரைக் கேட்டா ரெண்டும் காதுல விழுமாம். "நம்ம சண்டைக்காரங்களுக்கு இது தெரிஞ்சா, எஸ்பெராந்தோன்னா நம்பறவனா காத்திருக்கிறவனான்னு அதுக்கும் அடிச்சுக்குவாங்க"ன்னு சொன்னீங்க. எனக்கும் கொஞ்சம் கத்துக்கொடுத்தீங்க. நான்தான் அடுப்பைச் சாக்கு சொல்லி எழுந்து போய்க்கினு இருந்தேன். 'மல்'னு முன்னாடி சேர்த்தா எந்தச் சொல்லும் தலைகீழா மாறிடும்னு நீங்க சொன்னது மட்டும் தங்கிச்சு. வேற ஒண்ணும் தங்கலை.

கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வரும், வந்தா உன்னைப் பார்க்காம போகமாட்டேன்னு அவர் எழுதியிருந்தார். அதுக்குள்ள காமாலை வந்து உங்களைக் கொண்டுபோயிடுச்சு. சேதியை அவருக்கு யார் எழுதறது? அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தப் பாஷை இந்த ஊர்ல உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்.

கிருத்திகை அன்னைக்குக் காவடிக் கூட்டத்துக்கு நடுவுல, போர்ட்டர் முனுசாமி அவரைக் கூட்டிக்கினு வந்தான். நல்ல உயரம், வெயில்ல கன்னிப்போன முகம், அந்தப் பாஷைக்காரங்க அடையாளம்னு நீங்க சொன்ன பச்சை நட்சத்திரத்தைச் சட்டையில குத்தியிருந்தார். உங்க பேரைச் சொன்னார் பாவா. அவ்வளவு சந்தோஷமா உங்க பேரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"ஸ்டேஷன்லயே சொல்லிட்டேன்மா, மேல போயிட்டார்னு கையைத் தூக்கிக் காட்டினேன்"ன்னான் முனுசாமி. "அவர் மலையைப் பார்த்துட்டுத் தலையை ஆட்டறாரும்மா. ஐயா கோயிலுக்குப் போயிருக்காருன்னு நினைச்சுகினாரு."

உள்ளே கூட்டிப்போய் மாலை போட்ட உங்க படத்தைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. உங்களுக்கு ஏதோ மரியாதை பண்ணியிருக்கோம்னு நினைச்சார் போல. படத்தைப் பார்த்து ஒரு சலாம் வெச்சுட்டு, நாற்காலியை வாசல் பக்கமா திருப்பிப் போட்டு உட்கார்ந்துட்டார். ஊரே என் நெத்தியைப் பார்த்தாலே தெரிஞ்சுக்குது. அவருக்கு அது வெறும் நெத்தி.

மோர் கொடுத்தேன், குடிச்சார். வாசல்ல நிழல் ஆடினா எழுந்து நிப்பார், நீங்க இல்லைன்னதும் சிரிச்சுட்டு உட்காருவார். எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கினு நிப்பேன்? எந்தப் பாஷையில சொல்வேன்? தெலுங்குல சொன்னேன், தமிழ்ல சொன்னேன். அவர் ரெண்டுக்கும் தலையை ஆட்டினார்.

கடைசியில அவர் முன்னாடி போய் நின்னேன். உங்க படத்தைத் தொட்டு "எஸ்பெராந்தோ"ன்னேன். அவர் சிரிச்சார். அப்புறம் என் நெஞ்சுல கையை வெச்சு "மல் எஸ்பெராந்தோ"ன்னு சொன்னேன். அது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. சொல்லும்போதே அழுகை முட்டிக்கினு வந்துடுச்சு.

அவர் சிரிப்பு அப்படியே நின்னுது. மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து தொப்பியைக் கழட்டிட்டு, சுவத்துல கையை ஊணிக்கினு நின்னார்.

அதுக்கப்புறம் பேச ஆரம்பிச்சார் பாவா. நிறுத்தாம பேசினார். இடையில உங்க பேர் வந்தது, என் பேரும் வந்தது. என்னைப் பத்தி அவருக்கு என்ன எழுதினீங்க? ஒரு இடத்துல அழுகைக்கு நடுவுல சிரிச்சார், நீங்க ஏதோ தமாஷா எழுதியிருப்பீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியாததெல்லாம் என் கண்ணு முன்னாடி கொட்டிக்கினு இருக்கு, ஒரு பொட்டு கூட எனக்கு எட்டலை. செவிடு மாதிரி நின்னேன். அடுப்பைச் சாக்கு சொன்ன நாளையெல்லாம் நினைச்சுக்கினேன்.

வண்டிக்கு நேரமாச்சுன்னு முனுசாமி கூப்பிட்டான். வாசல்ல திரும்பி நின்னு என்கிட்ட ஒண்ணு கேட்டார். "கியா எஸ்தீஸ் லியா வோச்சோ?" கேள்விதான், குரல்லயே தெரிஞ்சது. நான் முழிச்சதும் உங்க படத்தைக் காட்டி, தன் தொண்டையையும் காதையும் தொட்டு, இன்னொரு தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டார். பதிலுக்கு நின்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். என்னால வேற என்ன முடியும்?

அவர் கப்பல் எங்க போச்சோ தெரியாது. ஆனா அந்தக் கேள்வியை நான் விடலை. தண்ணி தூக்கும்போதும் அரிசி களையும்போதும் சொல்லிப் பார்த்துக்கினு இருக்கேன், ஒரு சத்தம்கூட நழுவக்கூடாதுன்னு. அது உங்களைப் பத்தின கேள்வியாத்தான் இருக்கணும். அர்த்தம் தெரிஞ்சவங்க ஒருத்தர் என்னைக்காவது இந்த ஸ்டேஷன்ல இறங்கினா, அவங்ககிட்ட பதிலைச் சொல்லி அனுப்புவேன். இது சத்தியம் பாவா. உங்களைப் பத்தி யார் எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியாம இருக்குமா?

உங்க மாமன் மகளும் சம்சாரமுமான,
ருக்கு