பிளாஸ்மாவும் வேண்டாம் எல்சிடியும் வேண்டாம்

செக்கானூரணி,
வியாழக்கிழமை இரவு.

அன்பு மகன் ஜெயபாண்டிக்கு அம்மா சொல்லி எழுத வைப்பது. நீ அங்கே கத்தாரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்றுதான் முதலில் சொன்னேன், உன் தங்கச்சி தமிழ்ச்செல்வி பேனாவை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், அதனால் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதச் சொல்லிவிட்டேன். எனக்குக் கையெழுத்துப் போடுவதோடு படிப்பு சரி என்பது உனக்குத் தெரியும், நான் காதோடு சொல்லச் சொல்ல அவள் பள்ளிக்கூடத்துத் தமிழில் எழுதுகிறாள். போன் உங்கப்பா சட்டைப் பையில் இருக்கிறது, நீ பேசும்போதெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறார், அதனால்தான் இந்தக் காகிதம். தையற்கடை நஜீம் நாளைக்கு உன் ஊருக்கு விமானம் ஏறுகிறான், அவனிடம் கொடுத்து விடுகிறேன். உங்கப்பா முன்கூடத்தில் படுத்திருக்கிறார், நாங்கள் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறோம், அவர் இருமும்போதெல்லாம் இந்தப் பிள்ளை பேனாவை மூடிவிடுகிறாள், எழுத்து அங்கங்கே கோணலாக இருந்தால் திட்டாதே.

டிவி விஷயம். உங்கப்பா நாலு முறை உன்னிடம் கேட்டுவிட்டார், நீயும் கடை கடையாகப் பார்த்து எல்சிடிதான் நல்லது என்கிறாய், அழகுபாண்டி மாமா பிளாஸ்மாதான் என்கிறான், நீங்கள் இரண்டு பேரும் போனில் போடும் சண்டையைக் கேட்டு நான் வெங்காயம் உரிக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறேன். இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியாது. தீபாவளி கழிந்ததிலிருந்து படம் மங்கலாக இருக்கிறது, புகை அடிக்கிறது என்று உங்கப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். கேபிள்காரர் சுடலையை மூன்று முறை வரவழைத்தார். ஊருக்கெல்லாம் நல்ல ஒயரு, எனக்கு மட்டும் அத்துப்போன ஒயரா என்று அந்த ஆளைத் தெருவில் வைத்து ஏசினார். அண்ணே, படம் பளிங்கு மாதிரி இருக்குண்ணே, என்னய ஏன்ணே வையிறீங்க என்று சுடலை அழாத குறையாகச் சொன்னார். ஆமாப்பா, நல்லாத்தான் இருக்கு என்று உன் தங்கச்சி வாயைத் திறந்தாள், விட்டார் ஒரு அறை, கம்மல் திருகு எங்கே போய் விழுந்ததோ, இன்னும் கிடைக்கவில்லை. நானும் பழைய டிவிதானே, தேய்ந்திருக்கும் என்றே நினைத்தேன். முழ தூரத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும், பதினோரு வருசமாகச் சர்க்கரை இருக்கிற மனுசன், எனக்கு உறைக்கவில்லை.

தை கடைசியில் மூன்று பேரும் மாமா வேலை பார்க்கும் டிவி கடைக்குப் போனோம். பெரிய டிவி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி ஒரே காட்டுப் படத்தை ஓட விட்டிருந்தார்கள். அழகுபாண்டி வாய் ஓயாமல் விளக்கினான். மச்சான், பிளாஸ்மால கறுப்புன்னா அமாவாசைக் கறுப்பு, எல்சிடில அது சாம்பல் அடிக்கும், பந்து ஓடுனா எல்சிடில வால் முளைக்கும், ஆனா வெளிச்சமான வீட்டுக்கு எல்சிடிதான், பிளாஸ்மா கண்ணாடில நம்ம சன்னலே தெரியும், கரண்டும் அம்புட்டுக் குடிக்கும், எச்டி பெட்டி வாங்காட்டி ரெண்டுமே வீண், நம்ம கேபிள் படத்தை இம்புட்டுப் பெருசா இழுத்தா சாயம்போன சேலை கணக்காத்தான் இருக்கும் என்றான். உங்கப்பா இரண்டுக்கும் நடுவில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அழகுபாண்டி விளையாட்டுக்காரன்தானே, ரிமோட்டை எடுத்து எல்சிடியைச் சத்தமில்லாமல் அணைத்துவிட்டான். கரும்பலகை மாதிரி நிற்கிற அந்தப் பெட்டியைப் பார்த்து உங்கப்பா சொல்கிறார், இந்தா இதுல பச்சை நல்லா எடுக்குது மாப்ள, இலை இலையாத் தெரியுது. மச்சான் நக்கலைப் பாருங்கடா என்று இவன் தொடையில் அடித்துச் சிரித்தான், கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். உங்கப்பாவும் சிரித்தார், ஆனால் எல்லோரும் சிரித்து முடிக்கப்போகும்போது சிரித்தார். நானும் உன் தங்கச்சியும்தான் சிரிக்கவில்லை. நாங்கள் சிரிக்காதது அவருக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, இது வாசப்படி தாண்டுச்சு, ரெண்டு பேருல ஒருத்திகூட மிஞ்ச மாட்டீக என்றார். கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று காலைப் பிடித்தேன். அங்க போனா அவன் சீட்டுல எழுதுவான், எழுதுன அன்னைக்கு நான் வண்டியவிட்டு இறங்கணும், இருபத்தாறு வருசம் ஸ்டியரிங் பிடிச்சவன் உன் சேலையப் பிடிச்சிக்கிட்டு நடக்கவா என்று எட்டி உதைத்தார்.

அடுத்த வாரத்திலிருந்துதான் கொடுமை. காலை முதல் டிரிப்பில் உன் தங்கச்சியைத் தன் பஸ்ஸில் கூட்டிப் போனார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் உட்கார வைத்து, மதுரை ஆரப்பாளையம் போகிற வரைக்கும் அவள் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வரவேண்டும். ஆடுப்பா, சைக்கிள்ப்பா, எதுத்தாப்ல லாரிப்பா, ஆளு கையைக் காட்டுதுப்பா. சொல்லத் தாமதித்தால் கியர் மாற்றுகிற கையாலேயே தொடையில் கிள்ளுவார். இந்த வரியை எழுத மாட்டேன் என்றாள், எழுதுடி, உங்கண்ணனுக்குத் தெரியட்டும் என்று எழுத வைத்திருக்கிறேன். பஸ்ஸில் வரும் பொம்பளைகள், பொறந்தா இப்படி ஒரு அப்பனுக்குப் பொறக்கணும், மகளை விட்டுட்டு ஒரு டிரிப் அடிக்க மாட்டேங்கிறாரே என்று என்னிடமே வந்து சொன்னார்கள். நானும் பல்லைக் காட்டினேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை, அறுபது பேர் உயிரை வாயில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள், அங்கே போய்த் தூங்கினாள் என்று டீச்சர் முட்டிபோட வைத்தார்கள்.

போன மாதம் ஒருநாள் அறிவியல் தேர்வு இருந்ததால் மடியில் புத்தகத்தை விரித்து ஒரே ஒரு வரி பார்த்திருக்கிறாள். நாகமலைப்புதுக்கோட்டை தாண்டி ஒரு பால்காரர் சைக்கிளை பஸ் உரசிவிட்டது. கேன் உருண்டு ரோடெல்லாம் பால், அந்த மனுசன் கை முழங்கைக்குக் கீழே தொங்கிவிட்டது. கண்டக்டர் நல்லகாமன் இறங்கி ஓடி, அவரைத் தூக்கி உட்கார வைத்து, சைக்கிள்காரன் குறுக்கே வந்தான் என்று போலீசில் எழுதிக் கொடுத்து உங்கப்பாவைக் காப்பாற்றிவிட்டான். உங்கப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் இவளைக் கூப்பிட்டு, அந்தாளு கையை ஒடிச்சது நான் இல்ல, நீ, ஞாபகம் வச்சுக்க என்றார். அன்றிலிருந்து இந்தப் பிள்ளை வலது கையால் சோறு எடுத்து வாயில் வைக்கும்போதெல்லாம் அந்தக் கையை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள். அன்றைக்குத்தான் நான் முடிவு எடுத்தேன், இந்த மனுசனை வண்டியிலிருந்து இறக்காமல் விடக்கூடாது என்று. சொல்லி இறங்குகிற ஆள் இல்லை, நாலு பேர் முன்னால் அவமானப்பட்டால்தான் இறங்குவார்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் கம்பெனி மேனேஜர், மகள் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க நல்லகாமனோடு நம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் அழகுபாண்டியிடம், கடையில் மாட்டியிருக்கும் பிளாஸ்மாவை இரண்டு நாளைக்குக் கொண்டுவாப்பா, உங்க மச்சான் வீட்டில் ஓட்டிப் பார்க்கட்டும் என்றேன். அவன் ஷேர் ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்து, பழைய டிவிக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு, இரண்டிலும் ஒரே கிரிக்கெட்டை வைத்து, இரட்டைச் சத்தம் கேட்கக்கூடாது என்று புதியதின் சத்தத்தைக் குறைத்துவிட்டான். மேனேஜர் காபியை வாங்கிக்கொண்டு, என்னண்ணே, வீடே தியேட்டர் ஆயிப்போச்சு என்றார். உங்கப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் உன் தங்கச்சியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். நான் அவள் கிள்ளுப்பட்ட தொடையிலேயே என் விரலை வைத்து அழுத்தினேன். போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பிளாஸ்மா செத்துப்போனது, பழையது பக்கத்தில் கத்திக்கொண்டே இருக்கிறது. புது டிவி எப்படிங்க இருக்கு என்று நான்தான் கேட்டேன். பாத்தீகளா மேனேஜரே, பந்து எப்படித் தனியாத் தெரியுது, புல்லு புல்லா எண்ணலாம், பழசும் இதும் ஒண்ணா என்று, இருட்டுப் பெட்டியைக் கையை நீட்டிக் காட்டிச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அழகுபாண்டிகூடச் சிரிக்கவில்லை, கடையில் தான் செய்தது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நல்லகாமன் தமிழ்ச்செல்வியைப் பார்த்தான், அவள் ஏன் தினமும் இன்ஜின் மூடி மேல் வந்தாள் என்று அந்த நிமிசம் அவனுக்குப் புரிந்துவிட்டது, அடப்பாவி மக்கா என்று மட்டும் சொன்னான். மேனேஜர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு, நாளையிலருந்து வண்டிய வேற ஆளு எடுத்துக்கிருவாருண்ணே, நீங்க ஓய்வெடுங்க என்று எழுந்து போனார். பத்திரிகை வைக்கவில்லை.

செய்தது அவள் கை, அது அவருக்குத் தெரிந்துவிட்டது, செய்யச் சொன்னது நான். இன்றுவரை அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டைவிட்டுப் போய்விடுவார், போகும்போது அவளையும் கையோடு இழுத்துக்கொண்டு போவார் என்று பயம். இவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவள் வைக்கிற தண்ணீரைக் குடிப்பதில்லை, இவ என் மக இல்ல, என்னயக் குழி தோண்டிப் புதைச்சவ என்று தெருவில் போகிறவர்களிடம் சொல்கிறார். அப்படியும் அவள் கண்ணை மட்டும் அவருக்கு வேண்டியிருக்கிறது. நேற்றுக் கொட்டாம்பட்டியிலிருந்து ஆள் வந்துவிட்டுப் போனது. அங்கே ஒரு கல் லாரி ஓட்டப் பேசி முடித்துவிட்டார். மேனேஜர் கம்பெனிப் பெயர் கெட்டுவிடும் என்று வெளியே மூச்சு விடமாட்டார், லைசென்சும் இன்னும் ஒரு வருசத்துக்கு இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம் அவருக்கு. திங்கட்கிழமை காலை கிளம்புகிறார். கிளீனருக்குப் பதிலாக இவளைக் கூட்டிப்போகிறாராம், ஒழுங்கா வந்து வாயத் திறந்து சொல்லு, நீ செஞ்சதுக்கு அதுதான் தண்டனை, பரீட்சை கிரீட்சைன்னா புத்தகத்த அடுப்புல வச்சிருவேன் என்றார். பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இது. அந்த லாரி ஓனர் மகன் உன்னோடு ஐ.டி.ஐ. படித்த பையன், அவன் நம்பர் உன்னிடம் இருக்கும், காகிதம் கிடைத்ததும் முதலில் அவனுக்குப் போன் போட்டு எங்கப்பாவுக்குக் கண் தெரியாது என்று சொல்லு. நான் போய்ச் சொன்னால் புருசன் மேல் ஆத்திரத்தில் உளறுகிறாள் என்பார்கள், அழகுபாண்டி ஒரு பயந்தாங்கொள்ளி. பிறகு உங்கப்பாவுக்குப் போன் போடு, வழக்கம்போல ஸ்பீக்கரில் போடுவார், தெருவே கேட்கட்டும். அதே வார்த்தையை அவரிடமும் சொல்லு. ஸ்டியரிங்கைத் தொட்டால் நீ எனக்கு அப்பன் இல்லை, செத்தால் கொள்ளி வைக்க வரமாட்டேன் என்று சொல்லு. அழாதே, இரக்கம் காட்டாதே, குரலில் கொஞ்சம் ஈரம் தெரிந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார், எனக்கு அவரை இருபத்து நாலு வருசமாகத் தெரியும். கொடுமை என்று நினைப்பாய், நினைத்துக்கொள். அவர் வீட்டுக்குள் உட்கார்ந்த பிறகு நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன், சோறு ஊட்டுகிறேன், அடி வாங்குகிறேன், அது என் பாடு.

டிவி வாங்காதே, பிளாஸ்மாவும் வேண்டாம் எல்சிடியும் வேண்டாம். வெயிலில் வேலை பார்க்கும்போது தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொள். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதே. நம் சாமி உன்னைக் காக்கும், நீண்ட ஆயுசோடு நல்ல பெயரோடு இரு. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, நஜீமிடம் எதையும் விசாரிக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
அன்னக்கொடி

அண்ணே, இது நான் எழுதுவது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுக் காகிதம் ஒட்டப் பசை எடுக்கப் போயிருக்கிறது. அம்மா சொன்ன மாதிரி அப்பாவிடம் கொள்ளி வைக்க மாட்டேன் என்றெல்லாம் சொல்லவேண்டாம், அப்பா தாங்காது. ஆனால் கட்டாயம் பேசு. திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு லாரி வருகிறது. எனக்குக் கொட்டாம்பட்டி ரோடு தெரியாது அண்ணே.