ஏலங்குழலியின் பெயரில் பேசியவள்

கடலைக் கரை காக்க, கரையைக் கோல் காக்க, கோலை அறம் காப்பதாகுக.

தண்பொழில் நாட்டின் தனிப்பெரும் வேந்தரும், ஆழிமணலூர்த் துறைமுகத்தின் காவலரும், அடைக்கலம் என்று வந்தவரை அகற்றாத மரபினருமாகிய நல்லிறையனார் திருவாய் மலர்ந்தருளியபடி, அவர்தம் ஓலைநாயகம் அதியங்குமரன் எழுதியது. செவ்வாற்று நாட்டைச் செம்மையுறப் புரந்துவரும் சிற்றரசரும், நம் வேந்தரின் வலத்தோள் என மதிக்கப்படுபவருமாகிய கண்டீரையர் கண்டு கைக்கொள்ளத்தக்கது. தங்கள் ஆறு இருகரையும் தொட்டு ஓடுவதாகுக. தங்கள் நாட்டுக் களங்களில் நெல்லும், மன்றங்களில் சொல்லும் குறையாதிருப்பதாகுக.

தங்கள் ஆணையால் முரசறைந்து தேடப்பட்ட ஏலங்குழலி என்னும் புலவர்க்கு நேர்ந்தவற்றை அவள் வாயாலும் சான்றோர் வாயாலும் வேந்தர் முழுதும் கேட்டறிந்தார். கேட்டவற்றைத் தாங்களும் அறிதல் வேண்டும் என்பது அவர் திருவுளம். ஆதலின் நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

ஏலங்குழலி ஆழிமணலூரில் மரக்கலம் செய்யும் தச்சர் குடியிற் பிறந்தவள். கடல்மேற் சென்றவர்களைப் பாடிய நூல்கள் பல இருக்க, அவர்கள் திரும்பும்வரை கரையில் இருந்த பெண்களைப் பாடுவார் இல்லையே என்று எண்ணி, அவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கரையிருந்தோர் காதை என்னும் நூலை இயற்றினாள். நூல் முடிந்தது, ஆயினும் அதை அறிந்தவர் அவள் தெருவினர் மட்டுமே. நம் நாடுகளில் பெயர்பெற்ற எழுத்தாளர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் ஒரு மன்றம் வைத்து நடத்துவதும், அவர் சொல் கேட்டுப் பழகியவர்கள் அங்கே கூடுவதும், புதிய நூல் செய்தவரை அம்மன்றத்தார் விருந்துப் புலவராக அழைத்துப் பேசச் செய்வதும், பிடித்துப்போனவர்கள் அந்நூலைப் படியெடுத்துக் கொள்வதும் தாங்கள் அறிந்தவையே. தன்னை அறியாத ஊரில் ஒரு நூல் நுழைவதற்கு இதனினும் நல்ல வாயில் இல்லை. செவ்வாற்று நாட்டு மன்றங்கள் சிலவற்றிலிருந்து அழைப்பு வந்தபோது, ஏலங்குழலி மகிழ்ந்தாள். அதனினும் மிகுதியாக அஞ்சினாள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் இயல்பினள் அவள். ஆனாலும் நூலின்மேல் வைத்த ஆசை அச்சத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே போயிற்று. சுவடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

முதலில் அவள் சென்றது புன்னைக்காவூரில் சேந்தன் கொடியன் நடத்தும் மன்றம். தன் பெயரைச் சொல்லி வாயிலில் நின்றவளைக் கொடியன் ஏற இறங்கப் பார்த்தான். ஏலங்குழலி வந்து பேசிவிட்டுப் போய்விட்டாளே, நீ யார் என்றான். தான்தான் அவள் என்றும், இந்த ஊருக்கு இப்போதுதான் முதன்முறை வருவதாகவும் இவள் சொல்ல, அவன் முகம் வெளுத்தது. அன்று வந்தவள் உன் உயரம், உன் வயது, அந்த நூலை ஓரிடத்தும் தடுமாறாமல் சொன்னாள், நீ எவளாயினும் இங்கு நிற்காதே, போய்விடு என்று கதவைச் சாத்தினான். சாத்திய கதவுக்குப் பின்னால் அவன் தாழிடும் ஓசை கேட்டது. ஒரு பெண்ணைக் கண்டு ஓர் ஆண்மகன் ஏன் தாழிட வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த ஊரான மூங்கிலடியில் விளங்கிற்று. அங்கே மன்றத்தின் கதவு திறக்கவே இல்லை. பக்கச் சுவரின் சாளரத்தருகே வந்த அந்த வீட்டுப் பெண், குரலைத் தாழ்த்தி, அம்மா, உன்னைத் தேடி ஊரெங்கும் முரசறைகிறார்கள், எங்கள் வாயிலில் நின்று எங்களையும் கெடுத்துவிடாதே என்றாள். தான் செய்த பிழை என்ன என்று இவள் கேட்க, அந்தப் பெண் வியப்போடு, நீ பாடியது உனக்கே தெரியாதா, வேந்தர் தம் தமையனாரை நஞ்சிட்டுக் கொன்றே அரியணை ஏறினார் என்று இங்கே உட்கார்ந்துதானே பாடினாய், கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார்களே என்றாள்.

கண்டீரையரே, அந்நேரத்தில் அடைந்த அச்சத்தை அப்புலவரே எங்கள் அவையில் சொன்னாள். தன் பெயரில் ஒருத்தி தனக்கு முன்னே ஊர் ஊராகச் செல்கிறாள். தன் நூலைச் சொல்கிறாள். கேட்பவர் மனம் கனிந்திருக்கும் வேளையில், தலை போகக்கூடிய பாடல்களை அதன் இடையே செருகிவிடுகிறாள். அவள் செய்ததற்கெல்லாம் தேடப்படுவது தானே. பட்டப்பகலில் தெருவில் நடந்தபோதும், எதிரில் வருபவர் ஒவ்வொருவரும் தன் முகத்தை அடையாளம் காண்பதாகவே அவளுக்குத் தோன்றிற்று. யாரோ ஒருவர் வேறு யாரையோ கூவியழைத்ததற்கு, வேலியோரம் ஒடுங்கி நின்றாள். சோறு கேட்ட வீட்டில் பெயர் கேட்டார்கள். சொல்லாமலே எழுந்து வந்துவிட்டாள்.

ஆழிமணலூருக்குத் திரும்பிவிடலாம் என்று அவள் எண்ணியதுண்டு. ஆனால் திரும்பினால் வீட்டு வாயிலிலேயே பிடிபடுவாள். பழித்துப் பாடியவள் தானல்லள் என்று நிறுவ எதுவும் கையில் இராது. மற்றவளோ அடுத்த மன்றத்தில் மேலும் என்ன பாடுவாள் என்பதை யாரறிவார். அழைப்பு வந்திருந்த ஊர்களில் எஞ்சியிருந்தது, முரசு இன்னும் எட்டாத கருங்கற்பாடி ஒன்றே. அங்கே மன்றம் நடத்துபவர் அந்துவியார் என்னும் பெரும்புலவர். அங்கும் தனக்கு முன்னே அவள் செல்வாள் என்று உணர்ந்து, ஆற்றோரப் பாதை சுற்றுவழி என்பதால், காட்டுவழியே குறுக்கே நடந்து, அந்த மற்றவள் பேசவிருந்த நாளன்றே ஏலங்குழலி அவ்வூரை அடைந்தாள். பேசுவதற்கென்று அழைக்கப்பட்ட மன்றத்தில், முக்காடிட்டுக்கொண்டு, கேட்பவர்களுள் ஒருத்தியாகக் கடைசி வரிசையில் அமர்ந்தாள்.

மாலை வெயில் சாயத் தொடங்கிய வேளையில் அந்துவியார் எழுந்து, இன்று நம் விருந்துப் புலவர் ஏலங்குழலியார் என்று அறிமுகம் செய்ய, அந்தப் பெண் எழுந்து வந்தாள். அவளைக் கண்டதும் ஏலங்குழலி முக்காட்டை மேலும் இழுத்துக்கொண்டாள். அவள் தன்னைப் போலவே கொண்டையை இடப்புறம் சாய்த்து முடிந்திருந்தாள். கைக்கு அடக்கமாகத் தன்னைப் போலவே சுவடியைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். எங்கோ ஓரிடத்தில், எத்தனையோ நாள், தான் அறியாமலே இவள் தன்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்னும் நினைவே அவளை உலுக்கிற்று.

அவள் பேசலானாள். அதை எவ்வாறு எழுதுவேன்! கடலுக்குப் போன கணவன் வரவில்லை என்ற செய்தியைக் கேட்டும் உலையில் அரிசியிட்ட பெண்ணின் கதையை அவள் சொன்னபோது, மன்றத்தில் அழாதவர் இல்லை. தன் நூல் இத்தனை அழகானதா என்று ஏலங்குழலியே கண்ணீர் விட்டாளாம். அந்தக் கண்ணீரோடேயே, இனி அந்தக் கொடிய பாடல்கள் வரும் என்ற எண்ணமும் வர, தன்னை அறியாமல் எழுந்து நின்றாள்.

அது என் நூல் என்றாள். யார் காதிலும் விழவில்லை. மறுபடியும் சொன்னாள். மன்றமே திரும்பிப் பார்த்தது. மேடையில் நின்றவள் சிறிதும் கலங்காமல், பாவம், இந்த அம்மைக்கு உடல்நலம் இல்லை போலும், தண்ணீர் கொடுங்கள் என்றாள்.

அந்துவியார் இருவரையும் அருகருகே நிறுத்தினார். நூல் உன்னுடையதாயின் அந்த உலையரிசிக் கதையை நீயும் சொல், கேட்போம் என்றார். ஏலங்குழலி தொடங்கினாள். மூன்றாம் அடியில் சொல் தடுமாறிற்று. முதலிலிருந்து தொடங்கினாள், வேறோர் இடத்தில் நின்றுபோனாள். இல்லை, அப்படி எழுதிப் பின் மாற்றினேன் என்று தனக்குள்ளே முணுமுணுத்தாள். இளையவர் சிலர் சிரித்தார்கள். மற்றவளோ விட்ட இடத்திலிருந்து எடுத்து, பிசிறில்லாமல் முடித்து வைத்தாள். இவள் பொய்க்காரி, வெளியே அனுப்புங்கள் என்று பல குரல்கள் எழுந்தன.

அந்த ஆரவாரத்தின் நடுவில்தான் தங்கள் காவல்தலைவன் எயினன் வேற்படையோடு மன்றத்துள் நுழைந்தான். வாயில் இரண்டிலும் ஆட்களை நிறுத்திவிட்டு, தங்கள் ஆணையை உரக்கப் படித்தான். வேந்தரைப் பழித்துப் பாடிய ஏலங்குழலி என்பவளைக் கட்டிக் கொணர்க, குற்றம் உறுதியாயின் தலை கொய்க என்பது அவ்வாணை. படித்து முடித்து, இங்கே ஏலங்குழலி யார் என்று கேட்டான்.

மன்றத்தார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தனர்.

சற்றுமுன்வரை அப்பெயரைத் தனதென்று சொன்னவள் ஓரடி பின்வாங்கினாள். ஐயா, நான் கூலிக்குக் கதை சொல்பவள், அப்பெயர் எனதன்று என்றாள். கைநீட்டி, இவள்தான் அது தன் நூல் என்று இவ்வளவு நேரமும் கூவினாள் என்றாள்.

எயினன் ஏலங்குழலியின் பக்கம் திரும்பினான். கண்டீரையரே, அந்நேரம் அவள் தப்பிக்க வழி திறந்தே இருந்தது. அவள் அந்நூலை இயற்றியவள் அல்லள் என்று மன்றத்தார் யாவரும் அப்போதுதான் முடிவு செய்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர், இரக்கப்பட்டு, இவள் புத்தி பேதலித்தவள், விட்டுவிடுங்கள் என்றுகூடச் சொன்னார். தலையை ஆட்டினாலே போதும், வீட்டுக்குப் போயிருக்கலாம். பக்கத்துத் தூணைப் பற்றிக்கொண்டாள். வேலின் நுனியை அத்தனை அருகில் அவள் அதற்குமுன் கண்டதில்லை. தான் இல்லை என்றால் உயிர் இருக்கும். ஆனால் அந்தப் பெண்களெல்லாம் நம்பித் தன்னிடம் சொன்ன துயரங்கள், அரசரைப் பழித்த பொய்யோடு கட்டுண்டு, ஆளில்லாத நூலாய் எரிக்கப்படும் என்பதை நினைத்தாளாம்.

ஏலங்குழலி நான்தான் என்றாள். காதை என்னுடையது, வேந்தரைப் பழித்தவை என்னுடையவை அல்ல என்றாள். இம்முறை சொல் தடுமாறவில்லை.

உடனே அந்துவியார் எழுந்து எயினனுக்கும் அவளுக்கும் இடையே வந்து நின்றார். புகழுக்கு உரிமை கொண்டாடியவள் ஒருத்தி, சாவுக்கு உரிமை கொண்டாடியவள் ஒருத்தி, எவள் நூலாசிரியர் என்பதை என் மன்றம் இப்போது கண்டது, கட்டுவதாயின் இருவரையும் கட்டு, நானும் உடன் வருவேன் என்றார். சிரித்த இளையவர்கள் உட்பட மன்றத்தார் பலரும் சான்று சொல்ல உடன் நடந்து ஆழிமணலூர் வந்து சேர்ந்தார்கள்.

வேந்தர் இருவரையும் தனித்தனியே விசாரித்தார். மற்றவளின் பெயர் கொன்றைநங்கை, கூத்தாடும் குடியினள். வேந்தரின் சிற்றப்பன் மகனும் நாடு கடத்தப்பட்டவனுமாகிய வெண்குடையன், செவ்வாற்று நாட்டையும் நம்மையும் பிரிக்கக் கருதி அவளை ஏவினான் என்பதையும், வேறொரு புலவர் பெயரில் பேசினால் மன்றங்கள் நம்பும் என்று அவனே வழி சொன்னான் என்பதையும் அவள் ஒப்புக்கொண்டாள். வேந்தரின் தமையனார் காய்ச்சலால் மாண்டதை அருகிருந்து கண்ட மருத்துவர் இன்றும் உயிரோடு இருக்கிறார். அப்பழியைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை. பொய்யுரைத்த நாவை அறுக்க வேண்டும் என்று அவையோர் கூறினர். அப்போது ஏலங்குழலி, கேட்கப்படாமலே வாய் திறந்து, என் நூலை அவ்வளவு அழகாகச் சொன்ன நாவை அறுக்க வேண்டாம், அதைக் கண்டு நான் இன்னும் அஞ்சுகிறேன், ஆயினும் வேண்டாம் என்று வேண்டினாள். வேந்தர் இசைந்து, கொன்றைநங்கையைக் கோட்டைக் காவலில் வைத்தார்.

இனி ஆணை.

கேளாமல் ஆணையிட்டது தங்கள் பற்றினால் விளைந்த விரைவு என்று வேந்தர் கொள்கிறார். இனி விருந்துப் புலவர் எவரையும் நேரில் கேளாமல் முரசறைதல் கூடாது. புன்னைக்காவூரிலும் மூங்கிலடியிலும் உண்மை நிகழ்ந்தவாறு அறிவிக்கப்படுக. அம்மன்றத்தார் ஏலங்குழலியை மீண்டும் அழைத்து ஓலை விடுத்துள்ளனர். துணைக்கு வேற்படை தருவதாக வேந்தர் கூறியபோது, வேலைக் கண்டால் கதை கேட்பவர்கள் வரமாட்டார்கள் என்று அவள் மறுத்துவிட்டாள். ஒன்று மட்டும் கேட்டாள். அவளைக் கட்டிக் கொணரச் சொல்லும் ஓலைகள் தங்கள் ஊர் வாயில்களில் இன்னும் தொங்குகின்றன. தன் பெயரை அவ்வாறு படித்துவிட்டு அதன் கீழே நுழைந்துபோகத் தனக்குத் துணிவில்லை என்றாள்.

ஆதலின் இவ்வோலை கைக்கு வந்த பொழுதே, உண்ணும் பொழுதாயினும் உண்ணாமல், ஆட்களை விடுத்து அவற்றையெல்லாம் இறக்கிவிடுக. நாள் பார்க்க வேண்டா. அவள் புறப்பட்டுவிட்டாள்.

இது வேந்தர் வாய்மொழி. அவர் முன்னிலையில் படித்துக் காட்டப்பட்டு, மரக்கல இலச்சினை பொறிக்கப்பட்டது. மீறுவோர் இந்நாட்டு நிழலில் நில்லாதொழிக. ஏற்போர் குடி தழைப்பதாகுக.