துறையடிக் கக்கூஸ்

யூலை 7, திங்கள்
விடிந்ததிலிருந்து சோளகக் காற்று. படகு ஆடிய ஆட்டத்தில் நயினாதீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அடிவயிற்றில் விண்விண் என்று வலி. மறுபடியும் சலக்கடுப்பு, ஒன்றுக்குப் போனால் எரிவு. டொக்டர் அதே கேள்வி: "டீச்சர், தண்ணி குடிக்கிறதில்லையோ?" குடித்தால் துறையடியில் எங்கே போவது? படகுக்கு நிற்கும் பெண்கள் எல்லோருக்கும் இதே பாடுதான்.

இதற்காகத்தான் என் வீட்டுக்காரர், இவர், தான் ஓட்டிய வாடகை வான் வண்டியை விற்றுவிட்டு, துறையடிக் காணியில் கட்டணக் கக்கூஸ் கட்டுகிறார். ஓடு பதித்து முடிந்தது. வியாழன் திறப்பு.
வாங்க: வாளி 2, நிலம் தேய்க்கத் தும்புத்தடி, பூட்டு. வீட்டுக்குச் சீனி.

யூலை 8, செவ்வாய்
பரமேஸ் மச்சாள், இவருடைய அக்கா, வந்தார். கதிரையில் இருக்கவே இல்லை.
"வான் ஓடினவன் கக்கூஸ் கழுவப் போறியோ? சனம் என்ன பேர் வைக்கும் எண்டு யோசிச்சனியே?"
"கழுவ ஆள் கேட்டுப் பாத்தனான் அக்கா. ஒருத்தரும் வரேல்லை. நானே கழுவுவன். தொழில்தானே."
தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார். தாய் இல்லாத இவரை வளர்த்தவர். இவர் இரவு சரியாகச் சாப்பிடவில்லை.

யூலை 10, வியாழன்
போயா, பௌர்ணமி விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை. கோவிலுக்குப் போகும் சனம் துறை நிறைய. இவர் இஸ்திரி போட்ட சேட்டோடு வாசலில். ஆண்கள் வந்தார்கள், போனார்கள். பெண்கள் ஒருத்தரும் இல்லை. கைக்குழந்தையோடு ஒருத்தி கிட்ட வரை வந்து திரும்பினாள். ஏன் என்று கேட்டேன்.
"எல்லா ஆம்பிளையளும் பாத்துக்கொண்டெல்லோ நிக்கினம்."
அப்போதுதான் எனக்கே உறைத்தது. பெண்கள் வாசல், படகு வரிசைக்கு நேர் எதிரே.

வீட்டுக்கு வந்து சொன்னேன்.
"ஏன் நீர் முதலே சொல்லேல்லை?"
"நீங்கள் என்னைக் கேட்டனீங்களோ?"
சிரித்துவிட்டார். "பிழைதான். ஆருக்குக் கட்டினனோ அவையை ஒரு வார்த்தை கேக்கேல்லை."
இந்த மனிதரோடு கோபிக்கவும் ஏலாது.

யூலை 12, சனி
சுவர் உடைப்பு. வாசல் இனிக் கடல் பக்கம். முன்னால் தென்னோலைக் கிடுகு மறைப்பு. கட்டட மேசனோடு இவரும் அலவாங்கால் இடித்து, உள்ளங்கை எல்லாம் கொப்புளம். எண்ணெய் பூசிவிட்டேன். "டீச்சர், மெல்ல, நோகுது." சரியான குழந்தைப்பிள்ளை.
பிள்ளைகளின் வரைதல் கொப்பி இன்னும் திருத்தவில்லை.

யூலை 14, திங்கள்
வெயில். காலையில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டே போனேன். துறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அக்காமார், கக்கூஸ் பாதை இப்ப பின்பக்கமா இருக்கு. வாங்கோ." முதலில் நான். வெளியே வரும்போது பின்னால் வரிசை. சேலை, சுரிதார், ஒரு கன்னியாஸ்திரி. படகு தவறப் பார்த்தது.

யூலை 18, வெள்ளி
பின்னேரப் படகில் மச்சாளும். கோவிலுக்குப் போய்விட்டு வருகிறார். என் பக்கம் திரும்பவில்லை. இறங்கியதும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். பஸ்ஸுக்கு என்று நினைத்தேன். கிடுகு மறைப்புக்குள் திரும்பினார். இவர் கையில் தும்புத்தடியோடு அப்படியே நின்றார்.
வெளியே வந்து தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.
"உள்ளுக்குக் கை கழுவச் சவுக்காரம் இல்லை. இப்பிடி வச்சிருந்தா ஆரடா வருவினம்? நாளைக்கு வந்து பாப்பன்."
பஸ் ஹோர்ன் அடித்தது. ஓடிப்போய் ஏறிவிட்டார். இவர் சவுக்காரம் வாங்கக் கடைக்கு ஓடினார்.