வெந்நீர் வாங்கப் போன பத்து நிமிஷம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறாய்? நான் சௌக்கியம். கொஞ்சம் குளிர், அவ்வளவுதான்.

இப்போது வார்டு வேலை இல்லை, ஆபீஸில் உட்கார வைத்திருக்கிறார்கள். நோயாளிகளுக்கு நடக்கும் தவறுகளை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு பெயரில் எழுதுகிறது. எல்லாருக்கும் பொதுவாக ஒரே பட்டியல் போடுகிறோம். பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட இவ்வளவு சண்டை வராது. கட்டிலிலிருந்து ஒருவர் விழுந்தால் ஓர் இடத்தில் 'தவறி விழுந்தார்', இன்னோர் இடத்தில் 'மயக்கம்'. நேற்று ஒரு தாளில் 'உடனிருந்தவர் கவனக்குறைவு' என்று இருந்தது. நாலு வருஷமாக நீ பர்சிலேயே வைத்திருக்கும் அப்பாவின் கடைசி ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அதுதானே இருக்கிறது.

"இதை எடுத்துடுங்க சார்," என்றேன்.

"ஏம்மா?" என்றார் பெரிய டாக்டர்.

"கட்டில் ஓரக் கம்பியை ஏத்திவிடறது நர்ஸுங்க எங்க வேலை. சொந்தக்காரங்க வேலை இல்ல."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதை அடித்துவிட்டு, 'கம்பி ஏற்றப்படவில்லை' என்று எழுதினார்.

என் கண்ணாடி நம்பர் சீட்டு அலமாரியில் இருக்கும், அனுப்பு. கூடவே உன் கையெழுத்தில் நாலு வரி. போனில் நீ 'நல்லா இருக்கேன்' தவிர வேறொன்றும் சொல்வதில்லை.

கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். ஒன்று மட்டும். அப்பா விழுந்த அன்று நீ அவருக்கு வெந்நீர் வாங்கப் போன பத்து நிமிஷத்தை எங்கள் பட்டியல் முழுக்கத் தேடிப் பார்த்தேன் அம்மா. அது எந்தத் தவறிலும் சேரவில்லை.

உன் மகள்