வீட்டுக்காரம்மா வைத்த சூப்பு

இயேசு மரி சூசை துணை

கடத்தூர்,
22-5-2026

அன்பு மகள் ஜெயராணிக்கு அப்பா சவரிராயன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம், மாடும் கன்றும் சுகம், அதேபோல் அங்கே நீயும் நீ குடியிருக்கும் வீட்டுக்காரம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர போன வாரம் நாங்கள் சுகமாக இல்லை. செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது நாலைந்து நாளாக சிக்னலே கிடைக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது பொய். சிக்னல் நன்றாகவே இருந்தது, நான்தான் எடுக்கவில்லை. போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, சொல்லாமல் இருந்தால் சோறு இறங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். உன்னோடு ஆராய்ச்சி பண்ணும் தமிழ்மணி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாராம், ராகி மாவோடு சேர்த்து இதையும் அவர் கையில் கொடுத்து விடுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நீ கொரியா போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புதுசு புதுசாகச் சாப்பாட்டு போட்டோ அனுப்புகிறாய், நாங்களும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று பதில் போடுகிறோம், ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை கண்ணு. ஆடி மாதம் அங்கே வேர்த்துக் கொட்டுகிறது என்றாய், அன்றைக்குப் பார்த்துக் கொதிக்கக் கொதிக்கக் கோழி சூப்பு குடித்தேன் என்றாய், வெயிலுக்கு அதுதான் நல்லதாம். தை மாதம் பல் கிட்டித்துப் போகிற குளிர் என்றாய், அன்றைக்கு ஐஸ் கட்டி மிதக்கும் சேமியாவைச் சாப்பிட்டேன் என்றாய், அதுவும் நல்லதாம். எனக்குத் தலை சுற்றியது. ஏதோ காட்டு மரத்துக் காயை அரைத்துக் களி மாதிரி கிண்டி, அதைக் குச்சியால் பிடிக்கப் போய் மடியில் விழுந்துவிட்டது என்று சிரித்தாய், களியைக் கையால் எடுக்காமல் குச்சியால் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள் என்று நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதெல்லாம் யோசித்தேன். அப்புறம் அந்தப் புளிக்க வைத்த முட்டைக்கோஸ். முதலில் நாற்றம் தாங்கவில்லை என்று எழுதியவள், மாசி மாதம் எழுதும்போது, இப்பல்லாம் இந்தப் புளிப்பு இல்லாம சோறே எறங்கலப்பா என்று எழுதியிருந்தாய். அந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

போன பதினான்காம் தேதி வியாழக்கிழமை காலையில் ஒரு போட்டோ வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை, கடையும் இல்லை, உன் அறையில் ஒரு கிண்ணம், அதில் கிணற்றுப் பாசியைக் கழுவி விட்ட மாதிரி கரும்பச்சையாக ஒரு குழம்பு. கீழே, கடல்பாசி சூப்பு, வூட்டுக்காரம்மா எனக்குன்னே விடியக்காலைல எழுந்து வெச்சது, ஏன்னு தெரிஞ்சா சிரிப்பீங்க, அப்புறமா சொல்றேன் என்று எழுதியிருந்தாய். பாசியைப் போய் யாராவது குடிப்பார்களா என்று நான் அம்மாவிடம் சிரித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் உன் மாமன் மகள் கலைமணி பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை வேலை முடிந்து இந்தப் பக்கமாக வந்தாள். அவள் கொரியா நாடகம் ஒன்று விடாமல் பார்க்கிறவள், அதனால் அவளிடம் போட்டோவைக் காட்டி, இது என்னா அம்மணி என்று கேட்டேன். அவள் பார்த்த மாத்திரத்தில், மாமா இது புள்ள பெத்தவங்களுக்கு வெச்சுக் குடுக்கற சூப்பு, நான் எத்தன நாடகத்துல பாத்திருக்கேன் என்றாள். சொன்ன பிறகுதான் என் முகத்தையும் அம்மா முகத்தையும் பார்த்தாள், டீ கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. அம்மா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். மாசியில் புளிப்பு இல்லாமல் சோறு இறங்கவில்லை என்றது, குளிருக்கு என்று சொல்லி ஆறு மாதமாக முழங்கால் வரைக்கும் தொளதொளவென்று ஒரு கோட்டு போட்டுக்கொண்டே போட்டோ எடுத்தது, ஈஸ்டருக்கு லீவு இல்லை என்று வராமல் இருந்தது. நான் அவளை அதட்டி நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை, அவள் விட்ட இடத்திலிருந்து நானும் எண்ணினேன். கலைமணி மறுநாள் கடைக்குப் போகும் வழியில் ஓடி வந்து, பொறந்தநாளுக்கும் அந்த சூப்பு வெப்பாங்களாம் மாமா, நான் பாதிதான் சொன்னேன் என்றாள். ஆனால் உன் பிறந்தநாள் எது என்று எங்களுக்குத் தெரியாதா. கிறிஸ்து அரசர் திருநாளுக்கு மறுநாள் பிறந்தவள் நீ, கார்த்திகை மாதம், மழை. வைகாசி பிறக்கிற நேரத்தில் ஏது பிறந்தநாள். அதனால் அதுவும் இல்லை என்று ஆனது, எங்களுக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. நீ வெள்ளிக்கிழமை இரண்டு தடவை கூப்பிட்டாய், சனிக்கிழமை மூன்று தடவை. போன் அடித்து ஓயும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எடுத்தால் என்ன கேட்பது, நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, இல்லை என்று சொன்னால் நம்புவேனா, எதுவும் தெரியவில்லை. பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்பாதே என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சொன்னபோது, என் பிள்ளையை எனக்குத் தெரியும் என்று மார்தட்டியவன் நான். ஒரு கிண்ணம் சூப்பில் எல்லாம் போய்விட்டது. ஓசூரில் இருக்கும் உன் அண்ணன் மரிய ஆனந்திடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம், அம்மா சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை தமிழ்மணி போன் பண்ணி, கடிதாசி சாமான் ஏதாவது இருந்தா குடுங்க, அட்ரஸ எழுதி வெச்சிருங்க என்றார். உன் அட்ரஸ் நீ விட்டுப்போன பைலில் இருக்கிறது என்று அதைப் பிரித்தேன். மேலேயே உன் பாஸ்போர்ட் ஜெராக்ஸ். அதில் பிறந்த தேதி பதினான்கு, ஐந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு. அந்தத் தேதியைக் கொடுத்தது நான்தான் கண்ணு. உனக்கு நாலரை வயது, நானும் அம்மாவும் கூலிக்குப் போனால் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்றார்கள், அதனால் மே மாதம் என்று வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொன்னேன், பச்சியப்பன் வாத்தியார் எழுதிக்கொண்டார். அன்றோடு அதை மறந்தேன். அது உன்னோடு பத்தாவது படித்து, காலேஜ் போய், விமானம் ஏறி, கொரியாவில் ஒரு அம்மாவை விடியக்காலையில் எழுப்பி அடுப்பு மூட்ட வைக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும். உடனே போனை எடுத்தால் நீ வெள்ளிக்கிழமையே பேசி அனுப்பியது நான் திறக்காமல் கிடக்கிறது. அம்மாவையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டோம். அப்பா, இந்தம்மா என் அடையாளக் கார்டுல இருக்கற தேதியப் பாத்து பொறந்தநாளுன்னு நெனச்சு சூப்பு வெச்சுட்டாங்க, பாவம், அது பொய்த் தேதின்னு சொல்ல மனசு வரல, இங்க புள்ள பெத்ததும் அம்மாக்காரி மொதல்ல குடிக்கறது இதத்தானாம், அதனால ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் அதயே குடிச்சு அம்மாவ நெனச்சுக்குவாங்களாம், நானும் அம்மாவ நெனச்சுக்கிட்டே குடிச்சேன் என்று சொல்லியிருந்தாய்.

நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தேன். அம்மா சிரிக்கவில்லை. மறுபடியும் போடச் சொன்னாள், போட்டேன். அப்ப அந்த சூப்பு எனக்குங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னாள், அவ பொறந்த அன்னைக்கு எனக்கு ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில் அம்மா குடுத்த ரொட்டியும் பாலுந்தான், நீங்க ஊருக்கெல்லாம் சாக்லேட் குடுத்துட்டுப் பொழுது எறங்கித்தான் வந்தீங்க. திட்டுவதுபோல் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறைத்தது. சாக்லேட் கொடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, யார் யாருக்கு என்றுகூடச் சொல்வேன், அவள் சாப்பிட்டாளா என்று கேட்டேனா என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. கேட்டிருக்க மாட்டேன்.

உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டேன் ராணி. மன்னித்துக்கொள் என்று எழுதுவது எனக்குப் பழக்கமில்லை, எழுதிவிட்டேன். அம்மாவும் இன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வருகிறேன் என்கிறாள். வீட்டுக்காரம்மாவிடம் உண்மைத் தேதியைச் சொல்வதா வேண்டாமா என்று எனக்குக் குழப்பமாக இருக்கிறது, சொன்னால் கார்டே பொய் என்று நினைப்பாரோ, நீயே யோசித்துச் செய், நல்ல மனுஷி, அவருக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கடலை உருண்டை வைத்திருக்கிறேன். ராகி மாவை ஈரம் படாமல் வை. ராத்திரி கண் விழித்துப் படிக்காதே.

ஒன்று மறக்காதே. அந்தப் பாசி காய்ந்ததாகக் கிடைக்கும் என்று கலைமணி சொல்கிறாள். நீ பெரிய லீவுக்கு வராவிட்டாலும் யார் கையிலாவது நாலு பிடி கொடுத்து விடு, எவ்வளவு நேரம் ஊற வைப்பது, கறி போடுவதா சிப்பி போடுவதா, எல்லாம் எனக்கு விளங்குகிற மாதிரி ஒரு தாளில் எழுதி வை. வரும் நவம்பர் இருபத்துமூன்று திங்கட்கிழமை, நீ பிறந்த அதே கிழமை. அன்றைக்கு அம்மா அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன், நான்தான் வைத்துக் கொடுக்கப் போகிறேன். நன்றாக வராது, அது தெரியும், ஆனாலும் குடிப்பேன் என்றிருக்கிறாள்.

அந்தோணியார் உன் கூடவே இருக்கட்டும். இனி நீ எப்போது கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுப்பேன்.

இப்படிக்கு,
உனக்கு இரண்டு பிறந்தநாள் கொடுத்த
உன் அப்பா சவரிராயன்