நண்டு மாதிரி எழுதும் வாத்தியார்

ஒடெஸா, டெக்ஸாஸ்

அன்புள்ள வெர்னா,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்தான், பதறாதே. பகலில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திவிட்டு, மாலையில் ஆசிரியர் பயிற்சிக்கு ஓடுகிறேன். உட்கார நேரமில்லை.

நேற்று பயிற்சி மேற்பார்வையாளர் குயின்டானா அம்மா என் வகுப்பைப் பார்க்க வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குச் சான்றிதழ். பாதிப் பாடத்தில், "ஏன் சார் நண்டு மாதிரி பக்கவாட்டுல நின்னு போர்டுல எழுதறீங்க?" என்று கேட்டுவிட்டார். இத்தனை வருடம் சிறைக்காவலனாக இருந்தவன் யாரை நம்பி முதுகைத் திருப்புவான்? முன்வரிசை மாரிசோல், "சும்மா திரும்புங்க சார், நாங்க கடிக்க மாட்டோம்!" என்றாள். வகுப்பே சிரித்தது.

திரும்பினேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறாராம்.

என் கறுப்புச் சட்டைகளை அனுப்பு, வியர்வை தெரியாது. உன் வெண்டைக்காய் ஊறுகாயும் ஒரு பாட்டில். முடிந்தால் உன் தலையணையும். இங்கே சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு படுத்தும் தூக்கம் வரவில்லை. நான் பயமில்லாமல் முதுகைத் திருப்பிப் படுத்தது உன் பக்கத்தில் மட்டும்தான்.

மணி அடித்துவிட்டது, போகிறேன்.

டெல்பர்ட்