என் பக்கத்துத் திமிங்கிலங்கள்

ஜன. 9, தென் துருவக் கடல்
காற்று குறைவு. மூடுபனி இல்லை. காலை எட்டு மணி டியூட்டி, மேல்தளத்தில் திமிங்கிலக் கணக்கெடுப்பு. கப்பலின் இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் லதாவுக்கு. பனிப்பாளத்தில் சீல் 4. மிங்கி திமிங்கிலம் 2. ஒரு கையுறையைக் காணோம்.

பத்தரைக்கு லதா என் தோளை உலுக்கினாள். "அக்கா, உங்க சைடுதான், பாருங்க!"

திரும்பினேன். கூன்முதுகுத் திமிங்கிலம், தாயும் குட்டியும். ஐம்பது மீட்டர்கூட இல்லை. குட்டி மூச்சு விடுவது கேட்டது.

"தூங்கிட்டீங்களா?" சிரித்தாள்.

"ஆமா." பொய்.

ஜன. 10
மேகம். கேபினில் சோதனை. பார்வையை நேரே சுவரில் வைத்து, காதோரம் விரலை ஆட்டியபடி முன்னால் கொண்டுவந்தேன். கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வரும்வரை விரல் இல்லை. இரண்டு பக்கமும்.

அண்ணனுக்கும் இப்படித்தான் பக்கப் பார்வை போனது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றிருந்த ஆட்டோவில் பைக்கை விட்டார். இப்போது அண்ணி கையைப் பிடித்துத்தான் வெளியே போகிறார். குடும்பத்தில் வருவது, கூடப் பிறந்தவர்களும் பரிசோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் போகவில்லை. தெரிந்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

ஜன. 11
பனித்தூறல். சாட்டிலைட் போனில் பத்து நிமிடம். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் பஸ் ஹாரன்.

"எவ்ளோ நாளா, நூரு?"

"தெரியலண்ணா. தாம்பரம் ஸ்டேஷன்ல ஆளுங்க மேல இடிச்சிக்கினே இருந்தேன். கூட்டம்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்." அழுதார். தன் கண் போனபோது அழாதவர்.

பிறகு, "அங்க சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லிடும்மா. தெரிஞ்சும் ஆறு மாசம் வண்டி ஓட்டினேன் நானு. யாராவது செத்திருப்பாங்க."

ஜன. 12
வெயில், கண் கூசும் வெயில். தலைமை விஞ்ஞானியிடம் சொன்னேன். இந்தப் பயணத்தில் என் பக்கத்து எண்ணிக்கை எதையும் நம்ப வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். பதினோரு வருட வேலை.

எத்தனை போயிருக்கும், என் கண் முன்னாலேயே?

ஜன. 13
காற்று அதிகம். இனி எனக்குப் பதிவு எழுதும் வேலை மட்டும். லதாவிடம் சொன்னேன். என் நாற்காலியைக் காற்றுப் படாத மூலைக்கு நகர்த்திப் போட்டாள்.

நாலேகாலுக்குக் கத்தினாள். "ஓர்க்கா! அஞ்சு... இல்லக்கா, ஆறு!"

எழுதினேன். ஓர்க்காத் திமிங்கிலம், 6. 'பார்த்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரின் முதல் எழுத்து விழுந்துவிட்டது. அடித்துவிட்டு, லதா.